இருபது தடவை

போடுறேன் சிஸ்டர், கையெழுத்து போட மாட்டேன்னா சொன்னேன்? பேனா இருக்கு, இருக்கு. நாளைக்கு என் பொண்டாட்டி தொடையிலேர்ந்து துளி சதைய வெட்டி டெஸ்டுக்கு அனுப்பப் போறீங்க. படிச்சுட்டேன். தொடை ஏன் இப்படிச் சூம்பிப் போச்சுன்னு பெரிய டாக்டருக்கே பிடிபடலயாம்.

ஒரு நிமிஷம் உக்காருங்களேன்.

நான் ஜிம் மாஸ்டர். சதைய வளக்குறதுதான் என் பொழப்பு. எங்க தொழில்ல ஸ்டீராய்டுன்னா ஒரே அர்த்தம், திருட்டு ஊசி. மூணே மாசத்துல ஆள் எருமை மாதிரி ஆயிடுவான். மூச்சிரைப்புக்கு இவளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதினப்ப, அடி சக்கை, உக்காந்த எடத்துலயே உடம்பு தேறப்போகுதுன்னு நெனச்சேன். மூஞ்சியும் உருண்டையாச்சா, என்னையே தூக்கிடுவ போலிருக்கேடின்னு கிண்டல் வேற.

ஆமா சிஸ்டர், அது வேற ஸ்டீராய்டு, இது வேற. இப்பத் தெரியுது. இந்த மாத்திரை இருக்குற சதையையும் கரைச்சுடும். நடந்து, எந்திரிச்சு, காலுக்கு வேலை குடுத்தாத்தான் கொஞ்சமாச்சும் நிக்கும். ஊருக்கெல்லாம் உடற்பயிற்சி சொல்லிக்குடுக்குறவன், சொந்த வீட்டுல புத்தி வேலை செய்யல. பேர் ஒண்ணா இருந்துச்சு, ஏமாந்துட்டேன்.

அவ எந்திரிக்கப் பாப்பா. நீ எதுக்குடி அலட்டிக்கிற, நான் இருக்கேன்லன்னு அலேக்காத் தூக்கிடுவேன். கட்டில்லேர்ந்து பாத்ரூமுக்கு, மாடியிலேர்ந்து கீழ. பக்கத்து வீட்டுக்காரங்க பாக்குறப்ப ஒரு பெருமை, பொய் சொல்ல மாட்டேன். ஏழு மாசம் சிஸ்டர். நாற்காலிய விட்டு எந்திரிக்க முடியாம அவ அழுதப்பவும் தூக்கித்தான் விட்டேன், பாவி.

தப்பு அதோட நிக்கல. உங்க ஃபைல்ல ஒரு சீட்டு இருக்கு பாருங்க, தெனம் இருபது தடவை நாற்காலியில உக்காந்து எந்திரிக்கணும்னு. வரிசையா டிக் இருக்கா? அத நம்பித்தான் இது வேற ஏதோ வியாதின்னு டாக்டர் நெனச்சுட்டாரு. அந்த டிக் எல்லாம் நான் போட்டது. செக்கப்புக்குக் கெளம்புற அன்னிக்கு மொத்தமா உக்காந்து போடுவேன். அவ ஒருநாள்கூடச் செஞ்சதில்ல. நான் செய்ய விட்டதில்ல.

அவளுக்குத் தெரியாமயா? டாக்டர் கேட்டப்ப என் மூஞ்சிய ஒரு தடவை பாத்தா. ஒருநாள் விடாம செஞ்சேன் டாக்டர்னு சொல்லிட்டா. என்னைக் காட்டிக்குடுக்க மனசு வராம, தொடைய வெட்டிக்கச் சம்மதிச்சுப் படுத்திருக்கா சிஸ்டர்.