ரேக்கு ஒட்டும்போது கத்தக் கூடாது

— கத்தாதீங்க! தட்டுல தங்க ரேக்கு பிரிச்சு வெச்சிருக்கு, மூச்சு பட்டாலே அந்தத் தகடு பறந்துடும்.

— நான் எங்கடி கத்தினேன்? இன்னும் வாயே திறக்கலையே.

— திறக்கப் போறீங்கன்னு தெரியும். அதான் முன்கூட்டியே சொல்லிட்டேன்.

— ரேக்கு ஒட்டற கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நடுவுல என்னை விட உசரமா மரம் நிக்குது. என் வாய் உனக்கு எப்படித் தெரியுது?

— இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின பிறகு அதுக்குக் கண்ணு வேற வேணுமாக்கும்? சொல்றதைக் கேளுங்க. உங்க அண்ணன் நாளைக்குக் காலையில ஊரை விட்டே போறாரு.

— பொறு. ஒரு ரேக்கு கோணலா உக்காந்துடுச்சு. உன்னாலதான்.

— மகன் வீட்டோடயே போய் இருக்கப் போறாராம். ரேக்குப் பட்டறையைக் காலி பண்ணிட்டாரு. இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டாரு.

— நல்லா நேரம் பார்த்திருக்கே, மகராசி! ஃபேனை நிறுத்தியாச்சு. ஜன்னலைச் சாத்தியாச்சு. பசை இப்பதான் பதத்துக்கு வந்திருக்கு, விட்டா காஞ்சிடும். விடிஞ்சா நாடகக் கொட்டகைக்காரங்க கதவைத் தூக்கிட்டுப் போக வந்துடுவாங்க. எழுந்து போகவும் வழியில்ல, கத்தவும் வழியில்ல. ஒரு பெருமூச்சு விட்டாலே தட்டு காலி.

— அதான் பாருங்க. மத்த நேரத்துல என்னை முழுசாப் பேச விட்டாத்தானே.

— பொண்ணு பாதியில படிப்பை மாத்திக்கிட்டதையும் இப்படித்தான் சொன்னே. உங்க அம்மா வந்து தங்கப் போறாங்கங்கறதையும் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்கு ரேக்கு போடும்போதுதான் சொன்னே.

— அப்போ எவ்வளவு பொறுமையாக் கேட்டுக்கிட்டீங்க! அந்தச் சட்டமும் என்ன அழகா வந்துது!

— நான் கேக்கறேன், போறவன் போகட்டும். என்கிட்ட எதுக்குச் சொல்றே?

— ஒரு வார்த்தை பேசி அனுப்புங்கன்னுதான்.

— யார்கிட்ட? ஊரு பார்க்க என் தலையைப் பார்த்துச் சிரிச்சவன்கிட்டயா?

— ஃபேனைப் போட்டது தப்புதான், யாரு இல்லைன்னா...

— அந்த ஓட்டல் கூடத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ரேக்கைப் பிரிச்சுப் பரப்பி வெச்சிருக்கேன். உள்ள வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? சுவிட்சைத் தட்டினான். அவ்வளவுதான், தங்கம் எல்லாம் றெக்கை கட்டிக்கிட்டுப் பறந்துது. திரைச்சீலையில, ஓட்டல் முதலாளி மீசையில, என் வழுக்கையில...

— உங்க தலையிலதான் நல்லாப் பிடிச்சுதாம். வழுக்கைக்கும் விடாம எண்ணெய் தடவுவீங்களே.

— சிரிக்காதே. ரேக்கு ஆடுது.

— நான் எங்க சிரிச்சேன்?

— யாரோ சிரிச்சாங்களே.

— அது... மரம். புது மரம் இல்லையா, அப்பப்போ முனகும்.

— பறந்தது போகட்டும்டி. தங்கம்தானே, போனா வாங்கிக்கலாம். அத்தனை பேரு முன்னாடி என் தலையைக் காட்டி, "இந்த ஒரு வேலைதான்டா இன்னிக்குச் சுத்தமா முடிஞ்சிருக்கு"ன்னான் பாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சமையல்காரன் வெளிய வந்து பார்த்துட்டுப் போனான்.

— அவரு ஃபேன்னு தெரிஞ்சு போடலைங்க. லைட்டு சுவிட்சுன்னு நினைச்சுட்டாராம்.

— எப்போ சொன்னான்?

— இப்போ... இப்போ இல்ல, அப்போ. அப்பவே சொன்னாரு.

— அப்பவே சொன்னதை இவ்வளவு நாள் அடைகாத்து இன்னிக்குப் பொரிச்சியா?

— அவர் பேச்சை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவீங்க. எங்கேர்ந்து சொல்றது? பித்தளை ரேக்குகூட நாள் பட்டா கறுத்துப் போகுது. உங்க கோவம் மட்டும் பளபளன்னு அப்படியே இருக்கு.

— சரி சரி. அந்தப் பக்கம் எது வரைக்கும் வந்திருக்கு?

— மேல் கட்டம் முடிஞ்சுது. கொடிச் சுருள் நடக்குது.

— அதுக்குள்ளயா? அந்தச் சுருள் குழியில ரேக்கு கிழியாம வைக்கறதுக்குள்ள உனக்கு உசிரு போகுமே.

— இன்னிக்கு என்னமோ கை வந்திருக்கு.

— வந்திருக்கு, வந்திருக்கு.

— பேச்சை மாத்தாதீங்க. சொந்த அண்ணன். ஒரு வார்த்தை.

— அன்னிக்கு மறுநாள் வருவான்னு பார்த்தேன். தோள்ல கையைப் போட்டு, "சரி வாடா"ன்னா முடிஞ்சு போச்சு. டீ போட்டு ரெண்டு டம்ளர்ல ஊத்தி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவன் டம்ளர் ஆறிப் போச்சு. என்னுதையும் நான் குடிக்கலை.

— தெரு முனை வரைக்கும் வந்தாராம். நீங்க கதவைச் சாத்தறதைப் பார்த்துட்டுத் திரும்பிட்டாராம்.

— கொசு வருதுன்னு சாத்தினேன்டி!

— மெதுவா! மெதுவா!

— கொசு வருதுன்னு சாத்தினேன். அதுக்காகத் திரும்பிப் போயிடறதா? தட்டக் கூடாதா? கூடப் பிறந்த தம்பி வீட்டுக் கதவைத் தட்டறதுக்கு யாரு அவனுக்குப் பத்திரிகை அடிச்சுக் கூப்பிடணும்?

— அதை அவர்கிட்டயே கேளுங்க.

— கேப்பேன். எனக்கென்ன பயம்? அவன் இல்லாம ஒரு வேலையும் எனக்கு ருசிக்கலை, தெரியுமா? முடிச்சுட்டு யாரைத் திரும்பிப் பார்க்கறது? நீ எதைக் காட்டினாலும் நல்லா இருக்கும்பே. அவன்தான், "என்னடா இது, ஓரம் எல்லாம் எலி கொறிச்ச மாதிரி"ம்பான். அதைக் கேட்டு ஒரு சண்டை போட்டாத்தான் வேலை முடிஞ்சுதுன்னு மனசு ஒத்துக்கும். அவனை நினைக்காத நாள் கிடையாதுடி. போதுமா? என்ன அங்க மூக்கு உறிஞ்சற சத்தம்?

— நான்தான். ஜலதோஷம்.

— காலையில நல்லாத்தானே இருந்தே?

— இப்பதான் பிடிச்சுது. ஏங்க... அவரு வந்தா பேசுவீங்களா?

— முதல்ல கத்துவேன். இவ்வளவு நாள் கத்த வேண்டியது எல்லாம் தொண்டையில நிக்குது.

— அப்போ ரேக்கு முழுசும் ஒட்டி முடியட்டும். அவரு எங்க இருக்காருன்னு அதுக்கு அப்புறம் சொல்றேன்.

— என் பக்கம் எப்பவோ முடிஞ்சுது. தட்டு காலி.

— என்னது? அப்புறம் ஏன் இவ்வளவு நேரம் குசுகுசுன்னே பேசறீங்க?

— அந்தப் பக்கம் நடக்கற வேலை என் சத்தத்துல கெட்டுடக் கூடாதேன்னுதான். நான் கேக்கறேன், பிரஷ்ல ரேக்கு ஒட்டணும்னா கன்னத்துல ஒரு தடவை தேய்ச்சு எடுக்கணும் இல்ல? கன்னத்து எண்ணெய்ப் பிசுக்குலதானே அது ஒட்டும்? நீ தேய்ச்சா எனக்குச் சத்தமே கேக்காது. இன்னிக்கு ஆரம்பிச்சதுலேர்ந்து சரக்கு சரக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. உனக்கு எப்போடி தாடி முளைச்சுது? வெளிய வரச் சொல்லு எங்க அண்ணனை.