கெய்ராவின் இருபது பாடல்கள்

காப்பி கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் டாக்டர் வஹீபா. இந்த வீட்டில் சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று முப்பத்து நான்கு வருடங்களில் நான் கேட்டுக்கொண்டதே இல்லை. நாற்பதாம் நாள் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு மூன்று டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். மூன்றிலும் ரவைதான் இருந்தது.

நீங்கள் வந்த காரணம் எனக்குப் புரிகிறது. என் மனைவி கெய்ரா பக்கவாதத்தில் பேச்சை இழந்த பிறகு, பாட்டு வழியாக அவள் பேச்சை மீட்கப் பன்னிரண்டு வாரம் பாடுபட்டீர்கள். பலனில்லை என்று உங்கள் கையாலேயே எழுத வேண்டி வந்தது. பதினோரு மாதம் பேச்சில்லாமல் இருந்து அவள் இறந்துபோனாள். எங்கே தவறு நடந்தது என்று தெரியாமல் உங்களால் அந்தக் கோப்பை மூட முடியவில்லை. அந்தப் பாடல் பட்டியலை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்கிறீர்கள். காட்டுகிறேன். அதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஓரான் நகரத்தில் இசை கேட்கிறவர்களுக்கு என் பெயர் தெரியும். உஸ்தாத் கதூர் என்றால் டாக்சிக்காரர்கூட ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பார். ஒவ்வொரு வருடமும் பத்திரிகையின் நவம்பர் விடுமுறைச் சிறப்பிதழில் நம் நாட்டின் ஐம்பது சிறந்த பாடல்கள் என்று ஒரு வரிசை வரும். விமர்சகர்கள் ஐந்து பேர் துறைமுகத்துக்கு மேலே உள்ள காப்பிக் கடையில் மூன்று நாள் உட்கார்ந்து வாதாடி அதை முடிப்போம். கடைசிச் சொல் என்னுடையது. முதல் பத்து இடங்கள் எப்போதும் தெலெம்சென் பக்கத்து அந்தலூசியச் செவ்விசை மரபுக்கு. கல்யாணக் கூடங்களில் பாடுகிறவர்களின் கேசட்டுகளுக்கு அந்த மேஜையில் இடமில்லை.

கெய்ரா மணப்பெண் உடைகள் தைப்பாள். சிறப்பிதழ் வந்த அன்று காலை தையல் மிஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, வரிசையை ஒன்றிலிருந்து ஐம்பது வரை வாய்விட்டு வாசிப்பாள். என்னைக் காஜியார் என்று கூப்பிடுவாள்.

"காஜியார் தீர்ப்பு வந்தாச்சா? நல்லது. இந்த அம்பதுல ஒண்ணுக்காவது எந்தக் கல்யாணத்துலயாவது பொம்பளைங்க எழுந்து ஆடியிருக்காங்களா?"

"ஆடுறதுக்கு இல்ல கெய்ரா. கேக்குறதுக்கு."

"உக்காந்து கேட்டுக் கேட்டுத்தான் உங்க அஞ்சு பேருக்கும் முட்டி பிடிச்சுக்கிச்சு."

நானும் சிரிப்பேன். எங்களுக்குள் சண்டை என்று எதுவும் இருந்ததில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கென்று ஒரு வரிசை இருந்தது. அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில், பென்சிலால், இருபது பாடல்கள். ஒரு பாடல் மனதில் ஏறினால் அது மேலே போகும். பழையது அழிக்கப்பட்டுக் கீழே வரும். அந்த இடத்தில் காகிதம் மெலிந்து வெளிச்சம் தெரியும் அளவுக்கு அழித்திருக்கிறாள். எங்கள் மகள் அமாரியா, கடல் தாண்டி மார்சேய் நகரத்துக்குக் கல்யாணமாகிப் போவதற்கு முன்னால், "யம்மா, இந்த வாரம் யார் ஏறினா, யார் எறங்கினா?" என்று கேட்பாள். இருவரும் சமையலறையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு பேசுவார்கள். நான் உள்ளே போனால் பேச்சு ரவை விலைக்கு மாறிவிடும்.

அந்த மாதிரிப் பாடல் வந்தால் யாராவது ஒருவர் எழுந்து வெளியே போவது நம் வீடுகளின் வழக்கம். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். மதுவும் காதலும் வரும் வரியை அப்பாவும் மகளும், அண்ணனும் தங்கையும் ஓர் அறையில் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். என் அப்பா ஒரு முறை இருமிவிட்டு மாடிக்குப் போய்விடுவார். அந்த இருமலுக்காகவே நாங்கள் காத்திருப்போம். கணவன் மனைவிக்கு அது கட்டாயமில்லை. ஆனால் கெய்ரா எனக்காக அதைக் கடைப்பிடித்தாள். என் சாவி கதவில் திரும்பும்போதே ரேடியோ அடங்கிவிடும். ஒரே கூரையின் கீழ் அத்தனை வருடம் வாழ்ந்தும் நாங்கள் சேர்ந்து கேட்ட பாடல் என்று ஒன்றும் இல்லை. என் ரசனைக்கு அவள் கொடுத்த மரியாதை அது என்று எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் அக்டோபரில் ஒரு மணப்பெண்ணுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் வலது கை நாடாவை நழுவவிட்டது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் கண் திறந்தாள். நாம் பேசுவது புரிந்தது. பதில் சொல்லத்தான் வாயில் ஒன்றும் இல்லை.

நீங்கள் என்னை உங்கள் அறைக்கு அழைத்தது நினைவிருக்கிறதா?

"பேச்சு போன எடத்துல பாட்டு போகாம இருக்கும், உஸ்தாத்," என்றீர்கள். "அவங்க உசுருக்கு உசுரா வச்சிருந்த பாட்டெல்லாம் எனக்கு வேணும். நல்ல பாட்டு வேணாம், அவங்க பாட்டு வேணும். முதல் வரிய நாம பாடிட்டுக் காத்திருந்தா அடுத்த வரி அவங்க வாயில தானா வந்து நிக்கும். அதப் பிடிச்சுக்கிட்டே வார்த்தைய வெளிய கொண்டு வந்துரலாம். ஆனா முதல் மூணு மாசம்தான் முக்கியம்."

நல்ல பாட்டு வேண்டாம் என்று நீங்கள் சொன்னது எனக்குக் கொஞ்சம் வலித்தது. இளம் வயது, தெரியாமல் சொல்கிறீர்கள் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலையே தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தேன். அதற்கு முன் நான் அதைத் திறந்ததில்லை. இருபது பாடல்களில் பதினேழை நான் எழுத்தில் கண்டித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதை அவள் எங்கே கேட்டாள் என்று ஒரு வரி. அமாரியா பிறந்த வார்டில் துடைப்பக்காரி பாடியது. தங்கையின் கல்யாண பஸ்ஸில் கேட்டது. கரண்டிகா என்ற கடலைமாவுப் பலகாரம் அடுப்பில் தீய்ந்துபோன அன்று கேட்டது. இசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாடகனின் குரல், தாளம், எதுவுமே அவள் கவனத்துக்கு வரவில்லை.

முதல் இடத்தில் இருந்தது, 'மருதாணி காயும் வரை' என்ற பாடல். கேசட் காலத்தில் இந்த நகரத்தின் எல்லாக் கல்யாணங்களிலும் ஒலித்த ஒன்று. கையில் மருதாணி இட்ட பெண், கிளம்பத் துடிக்கிறவனை இருக்கச் சொல்கிறாள். அவ்வளவுதான் பொருள். இதைக் கேட்டால் மருதாணியே வெட்கத்தில் வெளுத்துவிடும் என்று அப்போது எழுதினேன். காப்பிக் கடைகளில் அந்த வாக்கியத்தைத்தான் வெகு காலம் சொல்லிச் சிரித்தார்கள். விமர்சகன் என்ற பெயர் எனக்கு அதில்தான் வந்தது. இருபதில் அந்த ஒரு பாடலின் எண் மட்டும் ஒரு தடவைகூட அழிக்கப்படவில்லை. பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: 'கல்யாணமான முதல் கோடை. மாடியில் அவர் எனக்குப் பாடியது. அவருக்கு ஞாபகம் இல்லை.'

அவள் யாரோடோ குழப்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். என் பயிற்சி உள்ள ஒருவன் அந்தப் பாடலைப் பாடியிருக்க மாட்டான்.

நோட்டை இழுப்பறையில் வைத்துவிட்டு, எங்கள் ஐம்பதில் முதல் இருபதைத் தட்டச்சு செய்து, மேலே கெய்ராவின் விருப்பப் பாடல்கள் என்று தலைப்பிட்டு உங்களிடம் கொடுத்தேன். உங்கள் கோப்பில் இருப்பது அதுதான்.

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுங்கள், கை சுட்டுவிடும்.

காரணம் இல்லாமல் செய்யவில்லை. உங்கள் பயிற்சிக் கூடத்தில் ஆண் நோயாளிகள் இருந்தார்கள். அந்தப் பாடல்களை என் மனைவி அவர்கள் முன்னால் பாடுவதை நான் எப்படி அனுமதிப்பேன்? என் நண்பர்கள் பார்க்க வருவார்கள். நோயாளிக்கு வீட்டில் உள்ளதிலேயே உயர்ந்ததைத்தான் கொடுப்போம். நான் கொடுத்தது இந்த நாட்டின் உயர்ந்த இசை. அதன் வழியாக அவள் திரும்பி வந்தால் நன்றாக இருக்கும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன்.

முதல் நாள் நீங்கள் ஓர் அந்தலூசியப் பாடலின் வரியை அழகாகப் பாடிவிட்டுக் காத்திருந்தீர்கள். கெய்ரா, பழக்கமில்லாத வீட்டுக்கு விருந்துக்குப் போனவள் போல உங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இடது கையை உயர்த்தி, காற்றில் ஒரு சக்கரத்தைச் சுற்றினாள். மறுநாளும் சுற்றினாள். அந்த வாரம் முழுக்கச் சுற்றினாள்.

"என்னமோ கேக்குறாங்க உஸ்தாத். வீட்டுல இருந்து ஏதாவது கொண்டாரணுமா?" என்று கேட்டீர்கள்.

"தையல் மிஷின் ஞாபகம். கைப்பழக்கம், பாவம்," என்றேன்.

அவள் கேட்டது மிஷினை அல்ல, அதன் இழுப்பறையை. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். நான்காம் வாரத்தில் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள். பதற்றம் குறைந்திருக்கிறது, முன்னேற்றம் என்று நீங்கள் குறித்தீர்கள், நான் திருத்தவில்லை.

அமாரியா தினமும் போன் செய்வாள்.

"பாபா, யம்மாவோட நோட்டக் குடுத்துட்டீங்கதானே?"

"குடுத்துட்டேம்மா."

"ஒண்ணாம் நம்பருக்குக்கூட வாய் தெறக்கலையா?"

"தெறக்கல."

"அப்போ யம்மா உள்ள இல்ல பாபா," என்று சொல்லி அழுதாள். அழாதே, எல்லாம் விதித்தபடி என்று அவளைத் தேற்றினேன். அவள் அந்த நாளிலிருந்து அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்வதில்லை. பேசிப் பயனில்லை என்று நினைத்துவிட்டாள். காதில் கேட்டிருக்கும், பேசியிருக்கலாம்.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. பலனில்லாத இடத்தை வேறொரு நோயாளிக்குக் கொடுப்பது நியாயம்தான். ஜனவரியில் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், தலை வாரினேன். அக்கம்பக்கத்தார் என்னை உதாரணம் காட்டிப் பேசினார்கள். மாலைகளில் நல்ல இசை வைத்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இனி சொல்லப்போவது உங்கள் கோப்பில் இல்லாதது. யாரிடமும் சொன்னதில்லை.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை பிற்பகல். பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் அவளை நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். கீழே கல்யாண கார்கள் வரிசையாக வந்து நெரிசலில் மாட்டிக்கொண்டன. முதல் காரில் மணப்பெண், ஹார்ன் சத்தம், பெண்களின் குலவை. கடைசிக் காரில் யாரோ பழைய பாட்டு ஒன்றைச் சத்தமாக வைத்தார்கள்.

கெய்ரா நிமிர்ந்தாள். வாய் திறந்தாள்.

"மருதாணி காயும் வரைக்கும் இரு."

தெளிவாக, சுருதி பிசகாமல் பாடினாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன். கார் அதற்குள் நகர்ந்துவிட்டது. பாட்டு தெருவோடு போய்விட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நீங்கள் செய்வது போலவே, முதல் வரியைப் பாடிவிட்டுக் காத்திருந்தாள். அடுத்த வரி என்னுடையது.

அது எனக்குத் தெரிந்திருந்தது, டாக்டர். 'காய்ந்தபின் கதவை நானே திறப்பேன்.' மெட்டோடு நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதோடு மாடியும் வந்தது, அந்தக் கோடையின் வெயில் வந்தது. அவள் படுக்கை விரிப்புகளை உலர்த்துகிறாள். துணிக் கிளிப்புக் கூடையோடு ஒரு விரிப்புக்குப் பின்னால் ஒளிந்து நின்று இருபத்தாறு வயதுக்காரன் ஒருவன் தொண்டை கிழியப் பாடுகிறான். விரிப்பை விலக்கி அவள் சிரிக்கிறாள். அவள் யாரோடும் குழப்பிக்கொள்ளவில்லை.

பதில் பாடியிருக்கலாம். கூச்சமாக இருந்தால், என் அப்பாவைப் போல ஒரு முறை இருமிவிட்டு அறையை விட்டுப் போயிருக்கலாம். அவள் தனியாகப் பாடி முடித்திருப்பாள். உங்களுக்கு ஒரு போன் செய்திருந்தால் ஓடி வந்திருப்பீர்கள். எழுந்து போய்ப் பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்குல்ல," என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். என்னை வெகு நேரம் பார்த்தாள். கோபம் இல்லை. கடையில் கொடுத்த துணி தவறாக வெட்டப்பட்டு வந்தால் ஒரு பெண் அதை எப்படிப் பார்ப்பாளோ அப்படி. அதன் பிறகு நான்கு மாதம் இருந்தாள். வலியில்கூட முனகவில்லை.

ஏன் என்று உங்கள் முகம் கேட்கிறது. நிதானமாக யோசித்துத்தான் சொல்கிறேன். உஸ்தாத் கதூரின் மனைவி குப்பையென்று அவர் ஒதுக்கிய பாடலால் பேச்சு பெற்றாள் என்று ஊர் சொல்லியிருக்கும். அந்தப் பாடலை அவரே பாடியிருக்கிறார் என்பதையும் அவள் சொல்லியிருப்பாள். வாய் திறந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பாள், சிரித்துக்கொண்டே. அப்புறம் என் வரிசைகளை யார் மதிப்பார்கள்? அவள் பேச வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. எந்தப் பாடலில் பேசுவது என்பதில் மட்டும்தான் எனக்கு அபிப்பிராயம் இருந்தது.

நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பில் எதைத் திருத்த வேண்டுமோ திருத்துங்கள். அமாரியாவுக்குச் சொல்ல வேண்டும் என்றாலும் சொல்லுங்கள். நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வருடச் சிறப்பிதழ் நாளை வருகிறது. வரிசையில் ஐம்பதாவதாக 'மருதாணி காயும் வரை' இருக்கும். மற்ற நால்வரும் எதிர்த்தார்கள். "உங்க துக்கத்துக்காக ஒத்துக்கிறோம் உஸ்தாத்," என்று மன்ஸூர் சொன்னார். துக்கத்துக்காக அல்ல, அந்தப் பாடலின் தகுதிக்காக என்று அவருக்கு விளக்கினேன். ஒரு கணம் நாற்பதாவது இடம் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன், டாக்டர். வரிசை என்று வந்துவிட்டால் பாசத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.