குழாயை மூடிய விரல்

யாருடா அது இளிக்கிறது? அவ்வளவு தைரியசாலி என்றால் போய் வாசல் விளக்கை அணைத்துவிட்டு வா, பார்ப்போம். முடியாதா? அப்போ வாயைப் பொத்திக்கொண்டு கேள்.

இது என் சிநேகிதனின் அண்ணிக்கு நடந்தது. ராத்திரி இரண்டு மணி. ஆஸ்பத்திரிக்கு முன்னால் சாலையில் ஈ காக்கை இல்லை. உள்ளே, கடைசி அறையில், அண்ணியும் அண்ணனும் மட்டும்.

அண்ணனை வெகுநாள் மூச்சு விட வைக்கும் மெஷினில் வைத்திருந்ததில் மூச்சுக்குழல் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. கழுத்தில் துளை போட்டு ஒரு சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அதன் வழியாகத்தான். பேச வேண்டுமென்றால் குழாயை விரலால் மூட வேண்டும். அதுவும் ஒரு சொல்லுக்குத்தான். "அதுக்கு மேல மூடினா மூச்சு முட்டிடும்" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

தூக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடுவாரோ என்ற பயம் அண்ணிக்கு. அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டே கட்டில் விளிம்பில் தலை சாய்ப்பாள். அன்றும் அப்படித்தான். மருந்து வாடை. குழாயில் கர்ர்… கர்ர்… என்று சளிச் சத்தம்.

சத்தம் சட்டென்று நின்றது.

"கேக்குதாம்மா?"

அண்ணன் குரல்! எத்தனை நாள் ஏங்கியிருப்பாள், பாவம். கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "கேக்குதுங்க… சொல்லுங்க, எல்லாத்தையும் சொல்லுங்க!" என்றாள்.

"உங்களுக்கு முன்னால இந்தக் கட்டில்ல நான்தான் படுத்திருந்தேன். கடைசிவரைக்கும் என் பேச்சு யாருக்கும் கேக்கலை. என் பொண்ணுகிட்ட…"

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணனின் இரண்டு கைகளும் அவள் பிடியில் இருக்கின்றன. அப்படியென்றால் குழாயை மூடியிருப்பது… யார் விரல்?

கண்ணைத் திறந்தாள். அண்ணன் முகம் நீலம் பாய்ந்து, விழி பிதுங்கித் துடிக்கிறார். குழாய் மேல் ஒன்றுமே இல்லை.

"போதும்! நிறுத்து!" என்று அலறினாள்.

கர்ர்… மூச்சு திரும்பியது.

பிறகு ஆபரேஷன் நடந்தது. சுருங்கிய இடத்தை வெட்டித் தைத்தார்கள், துளையும் மூடிவிட்டது. அண்ணன் இப்போது குத்துக்கல் மாதிரி இருக்கிறார். அண்ணிதான் இன்னமும் அவர் கைகளைப் பிடித்தபடியே தூங்குகிறாள். "கல்யாணமான புதுசுலகூட இப்படிப் பிடிச்சிருக்க மாட்டீங்க" என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

போன வாரம் அண்ணனின் குறட்டை பாதியில் நின்றதாம்.

அண்ணனின் உதடு மூடியே இருந்தது. கழுத்துத் தழும்பு மட்டும், யாரோ அழுத்துவதுபோல், மெல்ல உள்ளே குழிந்தது.

"…என் பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தத் தடவை நிறுத்தச் சொல்லாதே. எல்லாத்தையும் சொல்லச் சொன்னது நீதானேம்மா?"