கீழ்த்தளம் காலி

வீடு பார்க்க வரும் பெரும் பணக்காரர்கள் சமையலறையைக் கவனிப்பதேயில்லை. நனைந்த கோட்டை எங்கே மாட்டுவது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். லண்டனில், பணக்காரர்கள் வாழும் பெல்கிரேவியாவில் பாதி ஆயுளை வீடு விற்றே கழித்தவன் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா.

ஒரு காலத்தில் எதைக் காட்டினாலும் விற்றது. பிறகு வரி ஏறியது. வெளிநாட்டுக்காரர்கள் துபாய்க்கும் மிலானுக்கும் மூட்டை கட்டினார்கள். மிஞ்சியவர்கள் பொறுமையில்லாதவர்கள். பெட்டியோடு வந்து இறங்குகிற மாதிரி வீடு தயாராக இருக்க வேண்டும். உள்ளே ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது.

விற்றுத் தரச் சொல்லி என்னிடம் வந்த திருமதி ஆர்டன்ஷாவின் வெள்ளை வீட்டில், கீழ்த்தளத்தில், டெஸ்மண்ட் பெல்லோ இருந்தார். இசைக்குழுவில் பசூன் என்ற நீளக் குழல் ஊதி ஓய்வுபெற்றவர். சாகும்வரை குடியிருக்கச் சட்டப்படி உரிமை உள்ளவர். அவர் இருப்பது தெரிந்ததும் வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது நான் என்று எனக்குத் தெரியும்.

வேறு இடம் தருகிறோம் என்று கேட்டுப் பார்த்தேன்.

"கைல்ஸ், இங்கேருந்து என்னைப் பெட்டியில வச்சுத்தான் தூக்கணும்" என்று சிரித்தார் பெல்லோ. நானும் சிரித்தேன்.

குளிர்காலத்தில் முகப்புக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்தேன். பெயிண்டர் கூப்பிட்டுக் கேட்டான்: "சார், கீழ்வீட்டைச் சூடாக்குற கேஸ் பாய்லரோட புகைக்குழாய் இங்கதான் வெளிய வருது. பெயிண்ட் படாம அதைப் பிளாஸ்டிக்ல மூடணும்னா அவர் பாய்லரை நிறுத்தணும். சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு, மூடிடு" என்றேன்.

சொல்லவில்லை. அந்தப் புகை உள்ளேயே தங்கினால் என்ன ஆகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் பெல்லோவே போன் செய்தார். "சுவத்துல இருக்கிற இந்தச் சனியன் விடாம கத்துதுப்பா. தலை வேற விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது."

போனேன். விஷவாயுவை அறிவிக்கும் கருவி அது. கழற்றி பேட்டரியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "பேட்டரி தீர்ந்துபோச்சு. புதுசு வாங்கிட்டு வர்றேன். தலைவலி சளியா இருக்கும், சன்னலைத் திறக்காதீங்க" என்றேன்.

"உன்னை மாதிரி ஒருத்தன் இருக்கிறதாலதான் தைரியமா இருக்கேன்" என்றார். எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அதை உட்கார்ந்து முழுவதும் குடித்தேன். மற்றதையெல்லாம் சொல்லிவிட்டேன், அந்தத் தேநீரைச் சொல்லத்தான் நா கூசுகிறது. கிளம்பும்போது கதவை நன்றாக இழுத்துச் சாத்தினேன். பேட்டரி வாங்கப் போகவில்லை. பெயிண்டர் மேல் பழி போடாதீர்கள். அவன் கேட்டான், பொய் சொன்னது நான். பெல்லோவைக் கொன்றதும் நான்தான்.

வசந்தம் வருவதற்குள் வீடு விற்றுவிட்டது. வாங்கிய பெண்மணி, இங்கே யாராவது இறந்தார்களா என்று கேட்டார். மறைக்கவில்லை, கீழே ஒருவர் தூக்கத்திலேயே, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் என்றேன். இறுதிச் சடங்கில் அவருடைய தங்கையிடமும் அதையேதான் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், பாவம்.

கதவருகே, தாழ்ப்பாளில் விரல் மாட்டியபடி கிடந்தார் என்று இப்போது நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆனாலும், தூக்கத்தில் போனார் என்றே எழுதிக்கொள்ள முடியுமா, அம்மா? அந்தத் தங்கை மனசு தாங்காது.