லைட்டை அணைத்தால் நிற்கும் பாட்டு

“லைட்டை அணைச்சீங்கன்னா பாட்டு நின்னு போயிருமுங்கண்ணா.”

சங்ககிரியிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்த அம்மா சொன்னார். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் டீச்சராம். சாயங்காலக் கச்சேரியில் மேடையோரம் நின்று பாட்டைக் கையால் சொல்லப் போகிறார். பக்கத்தில் நின்றவர் அந்த மேடைக்கு லைட் போடுகிறவர்.

“பாடறது பாட்டுக்காரருங்க டீச்சர். என்ற லைட்டா பாடுது?”

“எங்க புள்ளைங்களுக்குப் பாட்டெல்லாம் என்ற கையிலதானுங்க. போன தடவ மூணாவது பாட்டுக்கே இருட்டாக்கிட்டீங்க. கச்சேரி முடிஞ்சிருச்சுன்னு அத்தனை பேரும் எந்திரிச்சுப் போயி வேன்ல உக்காந்துக்கிட்டாங்க.”

“அட சாமி! பாட்டுப் புடிக்காமப் போறாங்கன்னு நெனச்சனுங்க.”

“இன்னைக்கும் அப்படி ஆச்சுன்னா, இனி எந்தக் கச்சேரிக்கும் வரமாட்டாங்க.”

“மெலடிக்கு இருட்டு இருந்தாத்தான் பாடறவருக்குப் புடிக்குமுங்க. உங்க கைக்கு மட்டும் ஒரு சின்ன லைட்டு போட்டாப் போதுங்களா?”

“மூஞ்சிக்கும் வேணுமுங்க. சோகப் பாட்டா, சந்தோசப் பாட்டான்னு மூஞ்சியப் பாத்தாத்தான் தெரியும்.”

லைட்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டார். கீழே நின்று ஏதோ சொன்னார்; ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை. மூடிய கையைத் தலைக்கு மேல் தூக்கி, விளக்கு எரிவதுபோல விரல்களை விரித்தார். பிறகு தன் முகத்தையும் ஒருமுறை தொட்டுக் காட்டினார்.