அவள் குடிக்காத டீ

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ மோசமில்லை சார். தூள் கொஞ்சம் பழசு, பாலை இரண்டாவது தடவை காய்ச்சியிருக்கிறார்கள். கடைக்காரர்மேல் கோபப்படாதீர்கள், குறை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிறவன் நான். வரிசையாகக் கிண்ணங்கள் வைத்திருப்பார்கள். ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போவேன். எந்தத் தூளில் எதைக் கலந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் வீட்டில் நடந்ததும் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது.

மனிதர்களை அவர்கள் குடிப்பதை வைத்தே நான் எடைபோடுவேன். எங்கள் மேலாளர் காபியை ஆறவிட்டுத்தான் குடிப்பார்; அவரிடம் லீவு கேட்டால் பதில் வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறவனை நம்பி நான் எதையும் ஒப்படைத்ததில்லை. சிரிக்கிறீர்கள். என் கணிப்பு இதுவரை தப்பியதில்லை.

என் மனைவிக்கு டீ. கல்யாணமான மறுநாளிலிருந்து காலை டீ நான்தான் போடுகிறேன். இஞ்சி தட்டி, சர்க்கரை தூக்கலாக, ஆவி பறக்க. அவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டுவாள். "நீங்க டீ போட்டாத்தாங்க எனக்கு விடியுது" என்பாள். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. கம்பெனியில் பாராட்டினால் அது என் நாக்குக்கு. இது எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினி வந்திருந்தாள். ஃபிரிஜ்ஜைத் திறந்தவள், "அக்கா, ஒன் பாலு இங்க இருக்கு. சில்லுனே குடுக்கட்டுமா?" என்றாள். என் மனைவி அவளைப் பார்த்தாளே, அது வாயை மூடு என்கிற பார்வை. மச்சினி சட்டென்று என் பக்கம் திரும்பி, "அத்தான், உங்க டீயக் குடிச்சு எவ்ளோ நாளாச்சு! போடுங்க, போடுங்க" என்று சிரித்தாள். போட்டேன். வெறும் பால் என்றாலே குமட்டுகிறது என்பவள் என் மனைவி. அவளுக்குப் பால், அதுவும் சில்லென்று, எப்போதிலிருந்து? அது தங்கைக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக்கூடாதா?

மறுநாள் டீயை அவள் கையில் கொடுத்துவிட்டு, குளிக்கப் போகிறவன்போல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டேன். கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அவள் டம்ளரோடு சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவுகிற தொட்டியில் சத்தம் வராமல் ஊற்றினாள். தண்ணீர்விட்டு அலம்பினாள். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, "இன்னிக்கு டீ பிரமாதங்க" என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அதை மறைப்பானேன்.

நாக்கு தானாக மாறாது சார். யாராவது மாற்ற வேண்டும். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அரைநாள் லீவு போட்டு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். முதலாளி மனைவியை இழந்தவர், அவளைவிட ரொம்பவே மூத்தவர். அவள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து இரண்டு டம்ளரில் பால் ஊற்றினாள். இருவரும் மருந்து குடிப்பதுபோல் ஒரே மூச்சில் குடித்தார்கள். அவர் ஏதோ சொன்னார். அவள் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டுப் பக்கம் வந்து நாளாகிவிட்டது.

அன்று சாயங்காலம் சும்மா கேட்பதுபோல், "கடையில டீ குடிச்சியா?" என்றேன்.

"குடிச்சேங்க. ஆனா உங்க டீ மாதிரி வருமா?"

இப்படி வாய்கூசாமல் பொய் சொல்கிறவளிடம் அதற்குமேல் என்ன கேட்பது?

நான் ஆத்திரக்காரன் இல்லை. அவள்மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை, அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். நியாயமாக ஒரு சோதனை வைத்தேன். எங்கள் கிடங்கில் எலிக்கு வைக்கிற மருந்து இருக்கிறது. அதை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினேன். துப்பித் துப்பிப் பழகியவன்தானே. லேசான கசப்பு, சில்லென்று இருந்தால் தெரியாது. அவள் எடுத்துப் போகிற பால் பாட்டிலில் கலந்தேன். கவனியுங்கள், டீயில் கலக்கவில்லை. அன்று நான் போட்ட டீ, என் ஆயுசிலேயே நான் போட்ட நல்ல டீ. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, "குடி, ஆறிடும்" என்றேன். ஒரு வாய் குடித்திருந்தால் போதும், பாட்டிலை நானே கொண்டுபோய்க் கொட்டியிருப்பேன்.

"பல்லு தேச்சுட்டு குடிக்கிறேங்க, வைங்க."

"ஒரு வாய் குடிச்சுட்டுப் போயேன்."

"என்னங்க இது, சின்னப் பிள்ளையாட்டம்" என்று என் தலையைக் கலைத்துவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் பாட்டிலை இறுக மூடி அவள் பையில் வைத்தேன்.

மதியம் கடையிலேயே சுருண்டு விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. முதலாளி அன்று ஒரு வாய்தான் குடித்திருந்தார், பிழைத்துக்கொண்டார். ஒன்றும் இல்லாமலா அவள் கொண்டுபோன பாலை அவர் குடித்தார் என்று நான் கேட்டேன். அதற்குத்தான் நீங்கள் அவர் சொன்னதை எனக்குச் சொன்னீர்கள்.

அவளுக்கு வயிற்றில் புண்ணாம். டீயைத் தொடவே கூடாது, எரிச்சலுக்குச் சில்லென்று பால் குடி என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அதே தொந்தரவு முதலாளிக்கும் உண்டாம். அந்த டாக்டரிடம் அனுப்பியதே அவர்தானாம். வீட்டில் சொல்லிவிட வேண்டியதுதானே என்று அவர் கேட்டாராம். "அவரு டம்ளர நீட்டுறப்ப அவரு மூஞ்சியப் பாக்கணும் சார். வேணாம்னு சொல்ல மனசே வரல. புண்ணு ஆறட்டும், அப்புறம் பழையபடி குடிச்சுக்கலாம்" என்றாளாம். தங்கையிடமும் அதையே சொல்லி, சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

நீங்களே பார்த்தீர்கள், அதைக் கேட்டு எப்படி அழுதேன் என்று. அவள் சொல்லக்கூடிய வார்த்தைதான் அது.

செய்தது நான்தான். கலந்ததும் நான், மூடியதும் நான், பையில் வைத்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். இதில் எனக்கு ஒளிவுமறைவு கிடையாது. ஆனால் உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததில் ஒரு சந்தேகம் மட்டும் பாக்கியிருக்கிறது சார். விசாரித்துச் சொல்லுங்கள். அவளை டீயை விட வைத்தாரே அந்த டாக்டர், அவர் என்ன குடிப்பார்?