பதின்மூன்று தப்படி

முதலாளி எனக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. இரண்டு மாதக் கொத்து வேலைக்கூலி. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையும் சேர்த்துப் பேசின தொகை. அவர் மோசமான மனுஷன் இல்லை ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஒரே ஒரு கவலைதான். புது மிரர்லெஸ் கேமராவுக்கு முப்பத்தைந்து எம்.எம். லென்ஸ் வாங்குவதா, எண்பத்தைந்து வாங்குவதா. கடைக்காரர் இரண்டையும் ஒரு வாரம் பழகிப் பார்க்கக் கொடுத்திருந்தார். கூலி கேட்டுப் போனால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

“இரு கொத்தனாரே, இதை முடிவு பண்ணாம மண்டையில வேற எதுவும் ஏற மாட்டேங்குது. முப்பத்தஞ்சுல எல்லாம் விழும். எண்பத்தஞ்சுல முகம் பளிச்சுனு நிக்கும், பின்னாடி இருக்கிறதெல்லாம் வெண்ணெய் மாதிரி கரைஞ்சுடும். நீ எதைச் சொல்றே?”

கலவை சுமக்கிற அக்கா சும்மா இருக்க மாட்டாள். “எதுல பார்த்தாலும் எங்க கூலி மட்டும் கரைஞ்சுதான் தெரியுது முதலாளி.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனுஷன் என்று சொன்னேனே.

என் வீட்டுக்காரிக்கும் ஒரு லென்ஸ் தேவைப்பட்டது. கண்ணுக்குள் வைப்பது. டம்ளரைக்கூடத் தடவித்தான் எடுப்பாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரண்டு தேதியும் பணமில்லாமல் தவறிப்போயின. மூன்றாவது தேதிக்கு முன்னால் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். “அதுல எத்தனை வகை இருக்காம்?” என்று அக்கறையாகக் கேட்டார். ஒன்றுதான் என்றேன்.

“கொடுத்து வச்சவன்ப்பா நீ. குழப்பமே இல்ல.”

மூன்றாவது தேதியும் போன அன்று, முற்றத்தில் எங்கள் ஏழு பேரையும் வரிசையாக நிற்கவைத்து இரண்டு லென்ஸிலும் படம் எடுத்தார். இந்த லென்ஸ்களில் முறுக்கிக் கிட்டே தூரே இழுக்கிற வசதி கிடையாது. எடுக்கிறவர்தான் முன்னே பின்னே நடக்க வேண்டும். எல்லோரும் படத்துக்குள் வர முப்பத்தைந்துக்கு ஆறு தப்படி, எண்பத்தைந்துக்குப் பதின்மூன்று. வேண்டுமென்று எண்ணவில்லை. தொழில் பழக்கம், கண் தானாக அளந்துவிடும்.

“எண்பத்தஞ்சே வாங்குங்க முதலாளி,” என்றேன். “முகம் நல்லா நிக்குது.”

தலைச்சுமை இறங்கியதுபோல் ஆனது அவருக்கு. மறுநாள் காலை மொட்டைமாடியில், ஆபீஸ் சுவரில் மாட்டுவதற்கு, எல்லோரையும் வைத்து ஒரு படம் என்றார். மாடியில் படிக்கட்டு அறைச் சுவரிலிருந்து விளிம்புவரை பதினொரு தப்படி.

கைப்பிடிச் சுவரை நான் இன்னும் எழுப்பியிருக்கவில்லை. விளிம்பில் ஒரு கயிறு கட்டி வைத்திருந்தோம். அன்று காலை கலவை வாளி இழுக்கக் கயிறு வேண்டியிருந்தது, அவிழ்த்துக்கொண்டேன். கட்டட வேலையில் இதெல்லாம் சகஜம்.

எல்லோரையும் படிக்கட்டு அறைச் சுவரோரமாக நிறுத்தினேன். நெருக்கியடித்தால் படம் நன்றாக இராது என்று கொஞ்சம் தள்ளித் தள்ளி நிற்கச் சொன்னேன். கடைசி ஆள் நான். முதலாளி கேமராவில் வைத்த கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்தார். ஒரு படம் எடுத்தார். அது உங்களிடம் இருக்கிறது. ஆறு பேர் முழுதாக, நான் மட்டும் தோளோடு வெட்டுப்பட்டு.

“என் தோள் வருதா முதலாளி?” என்று கேட்டேன்.

“இரு, இன்னும் ஒரு அடி.”

மூன்று மாடி. நான் அவரைத் தொடவில்லை. லென்ஸ்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன், அதுவும் அவர் கேட்டதால்.

போன வாரம் முதலாளியம்மா கூப்பிட்டனுப்பினார். “அவர் பேர்ல ஒரு பாக்கியும் நிக்கக் கூடாதுப்பா,” என்று பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பதையும் எண்ணிக் கொடுத்தார். அதில் இரண்டாயிரத்து நானூறை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எதற்கு என்றார். கைப்பிடிச் சுவர் நான் கட்டலையே அம்மா என்றேன். அவர் என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் உங்களுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்.

என் பங்குக்குக் கணக்குத் தீர்ந்தது ஐயா. செய்யாத வேலைக்குக் கூலி வாங்கினால் எனக்குத் தூக்கம் வராது.